டெட்ராய்ட் ஏமாறவில்லை

1987 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற பிட்சரை வாங்கியது. அலெக்சாண்டருக்கு அப்போது 36 வயது; அடுத்த மாதம் 37 ஆகவிருந்தது. அவருக்கு ஈடாக டெட்ராய்ட் கொடுத்தது மைனர் லீகில் பந்தெறிந்துகொண்டிருந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. அலெக்சாண்டர் அதன்பின் இரண்டு சீசன்களே ஆடினார். 1989-இல் 18 தோல்விகளோடு அவருடைய ஆட்டவாழ்க்கை முடிந்தது. ஸ்மோல்ட்ஸ் 2009 வரை ஆடினார். 213 வெற்றிகள், 154 சேவ்கள் (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்), 1996-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் என்று அவருடைய கணக்கு நீள்கிறது.

பேஸ்பால் ரசிகர்களின் வாதங்களில் இந்தப் பரிமாற்றம் ஒரு பூச்சாண்டியாகவே ஆகிவிட்டது. கோடையில் பரிமாற்றக் கெடு நெருங்க நெருங்க, வளரும் வீரர் ஒருவரைக் கொடுத்து அனுபவசாலியை வாங்கும் எந்தப் பொது மேலாளரின் முன்னாலும் ஸ்மோல்ட்ஸின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பேஸ்பால் வரலாற்றின் மிக மோசமான பரிமாற்றங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு அதில் இடம் உண்டு. இரண்டு மாத ஆட்டத்துக்காக இருபது ஆண்டுகளை விற்றவர் என்று அன்றைய டெட்ராய்ட் பொது மேலாளர் பில் லஜோய்மீது குற்றம் சாட்டப்படுகிறது. ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து லான்சிங் நகரில் வளர்ந்தவர், சிறுவயது முதலே டைகர்ஸ் ரசிகர் என்பது இந்தக் குற்றச்சாட்டுக்குக் கூடுதல் கசப்பைச் சேர்க்கிறது. வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பிய பழி மற்ற பழிகளைப் போல எளிதில் மறக்கப்படுவதில்லை.

இந்தப் பரவலான தீர்ப்பு தவறு. அந்தப் பரிமாற்றம் மன்னிக்கத்தக்க பிழைகூட அல்ல, பிழையே அல்ல. அன்று லஜோய் அறிந்திருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தால், அவரும் அதையே செய்திருக்க வேண்டும்.

முதலில் அந்தச் சீசன். 1987-இல் ஒவ்வொரு லீகும் இரண்டு பிரிவுகளாக இருந்தது. பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே அக்டோபர் ஆட்டங்களுக்குப் போகும். மொத்தம் 26 அணிகள், நான்குக்குத்தான் இடம். இன்று 30 அணிகளில் 12 பிளேஆஃபுக்குப் போகின்றன. வைல்டு கார்டு என்ற இரண்டாம் வாசல் தோற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. அன்று அது இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசுபவர்களுக்கு அந்த ஆகஸ்ட் மாதத்தின் நெருக்கடி பிடிபடாது. 162 ஆட்டங்களில் 96-ஐ வென்ற அணியும் வீட்டுக்குப் போகலாம். உண்மையில் போனது; டெட்ராய்ட்டின் போட்டியாளரான டொராண்டோ புளூ ஜேஸுக்கு அதுதான் நடந்தது.

டெட்ராய்ட் 1984-இல் உலகத் தொடரை வென்ற அணி. மூன்று ஆண்டுகளில் அந்த அணிக்கு வயது ஏறியிருந்தது. முதல் பேஸில் நின்ற டாரல் எவன்ஸுக்கு 40 வயது. 1987-இன் தொடக்கமும் மோசம்: முதல் 30 ஆட்டங்களில் 11 வெற்றி, 19 தோல்வி. அதிலிருந்து மீண்டு ஆகஸ்டில் டொராண்டோவோடு மல்லுக்கட்டும் நிலைக்கு அணி வந்துசேர்ந்ததற்கு ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமலின் .343 சராசரி ஒரு பெரிய காரணம். பந்துவீச்சில் ஜாக் மோரிஸ், வால்ட் டெரல், ஃபிராங்க் டனானா என்று மூவர் நம்பத்தக்கவர்கள். 1984-இல் 18 ஆட்டங்களை வென்ற டான் பெட்ரி பழைய ஆளாக இல்லை. பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர்கள் முறைவைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஆடுகிறார்கள். மூவரை வைத்துக்கொண்டு ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதங்களையும் ஓட்டிவிட முடியாது. ஆகவே டெட்ராய்ட்டின் தேவை தெளிவாக இருந்தது: உடனே, அந்த வாரமே களமிறங்கி ஏழெட்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கும் ஒரு பிட்சர்.

அப்படிப்பட்டவர் கிடைத்தார். அதற்கும் மேலாகவே கிடைத்தார். அலெக்சாண்டர் டெட்ராய்ட்டுக்காக 11 ஆட்டங்களில் தொடக்கப் பிட்சராக இறங்கினார். அந்த 11 ஆட்டங்களையும் அணி வென்றது. அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றிகள் 9, தோல்வி ஒன்றுகூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் விட்டுக்கொடுத்தார் என்று பிட்சரை அளக்கும் கணக்கில் அவர் எண் 1.53. நான்குக்குக் கீழே இருந்தாலே அந்த ஆண்டில் நல்ல எண்.

மொத்தத்தை விட, தனித்தனி ஆட்டங்களில்தான் அதன் கனம் தெரியும். செப்டம்பர் 26 அன்று டொராண்டோ மூன்றரை ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. சீசன் முடிய ஒரு வாரமே மீதி. மறுநாள் டொராண்டோவிலேயே நடந்த ஆட்டத்தில் அலெக்சாண்டர் பத்து இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் கிர்க் கிப்சனின் ஹோம் ரன் சமநிலையைக் கொண்டுவர, 13 இன்னிங்ஸில் டெட்ராய்ட் 3-2 என்று வென்றது. அந்த வெற்றி அவர் பெயரில் எழுதப்படவில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த ஆட்டம் பதின்மூன்றாவது இன்னிங்ஸைப் பார்த்திருக்காது. கடைசி வார இறுதியில் டொராண்டோ ஓர் ஆட்டம் முன்னிலையோடு டெட்ராய்ட்டுக்கு வந்தது. அக்டோபர் 2, முதல் ஆட்டம், மீண்டும் அலெக்சாண்டர்: 4-3. அடுத்த இரண்டையும் டெட்ராய்ட் 3-2, 1-0 என்று வென்றது. மூன்றுமே ஒற்றை ஓட்ட வித்தியாசம். முடிவில் டெட்ராய்ட்டுக்கு 98 வெற்றி, டொராண்டோவுக்கு 96.

அக்டோபர் 2 ஆட்டம் ஒன்று மட்டும் கை மாறியிருந்தால் இரண்டு அணிகளும் 97-இல் சமமாக நின்றிருக்கும். செப்டம்பர் 27-உம் மாறியிருந்தால் டொராண்டோ 98, டெட்ராய்ட் 96. மற்ற ஒன்பது ஆட்டங்களைத் தொடவே வேண்டாம். பதினொன்றையும் வென்றுதர ஒரு பிட்சர் தேவைப்பட்ட அணி, அப்படி ஒருவரைப் பெற்று, பதினொன்றையும் வென்று, இரண்டே ஆட்ட இடைவெளியில் பட்டம் பெற்றது. பொது மேலாளர் ஒருவர் செய்த கொள்முதல் இவ்வளவு நேராகப் பட்டத்தோடு இணைக்கப்படுவது பேஸ்பாலில் அபூர்வம். இந்தக் கொள்முதலைத்தான் மோசமானவற்றின் பட்டியலில் வைக்கிறார்கள்.

அப்படியானால் எதிர்த்தரப்பின் கணக்கு எதன்மேல் நிற்கிறது? இரண்டு வீரர்களின் மொத்த ஆட்டவாழ்க்கையை அருகருகே எழுதிக் கழிப்பதன்மேல். 213 வெற்றிகளிலிருந்து அலெக்சாண்டர் டெட்ராய்ட்டுக்குத் தந்ததைக் கழித்தால் மீதி வருவது நஷ்டம் என்கிறார்கள். பார்க்க எளிமையான கணக்கு. அதில் குறைந்தது இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, டெட்ராய்ட் கொடுத்தது ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் ஸ்மோல்ட்ஸை அல்ல. 1985 டிராஃப்டின் 22-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டு, 1987-இல் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற இரண்டாம் படி மைனர் லீக் அணியில் 4 வெற்றி, 10 தோல்வி, 5.68 என்று தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பையனைத்தான் அது கொடுத்தது. கையில் வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. அத்தகைய பையன்கள் ஒவ்வோர் அணியின் மைனர் லீகிலும் எப்போதும் சிலர் இருப்பார்கள். பெரும்பாலோரின் பெயர் பெரிய லீகின் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. அட்லாண்டாவிலும் அவர் உடனே மலர்ந்துவிடவில்லை. 1988-இல் பெரிய லீகுக்கு வந்தபோது 2 வெற்றி, 7 தோல்வி, 5.48. 1991-இன் முதல் பாதியில் 2-11 என்று சரிந்துகிடந்தவர், ஜாக் லியூவெலின் என்ற விளையாட்டு உளவியலாளரின் உதவிக்குப் பிறகு இரண்டாம் பாதியில் 12-2 என்று எழுந்தார். பிரேவ்ஸின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் லியோ மசோனியின் பங்கும் அவருடைய வளர்ச்சியில் பெரிது. டாம் கிளாவின், ஸ்டீவ் எய்வரி, பின்னர் கிரெக் மாடக்ஸ் என்று கூட நின்றவர்களும் லேசானவர்கள் அல்லர். இந்தச் சூழலையெல்லாம் அப்படியே பெயர்த்தெடுத்து டெட்ராய்ட்டில் நட்டால்தான் 'டெட்ராய்ட் இழந்த ஸ்மோல்ட்ஸ்' என்ற ஆளே உருவாவார். அப்படி ஒருவர் எங்கும் இருந்ததில்லை.

இரண்டாவது பொய் இதைவிடப் பெரிது. ஆனாலும் ரசிகர்களின் பேச்சில் இது எழுவதே இல்லை. ஓர் அணி தான் வளர்த்த வீரரைச் சாகும்வரை வைத்திருக்க முடியாது. 1970-களின் நடுவில் வந்த மாற்றங்களுக்குப் பிறகு, பெரிய லீகில் ஆறு ஆண்டு சேவை முடித்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். 1988 ஜூலையில் அறிமுகமான ஸ்மோல்ட்ஸுக்கு அந்த ஆறு ஆண்டுகள் 1994 சீசனோடு நிறைவடைகின்றன. அதுவரை அவர் பெற்ற வெற்றிகள் 78. மீதி 135 வெற்றிகளும், 24 ஆட்டங்களை வென்று சை யங் விருது பெற்ற 1996-உம், முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் முடிவாட்டப் பிட்சராக மாறிக் குவித்த 154 சேவ்களும் அதற்குப் பிந்தியவை. அவற்றுக்கு அட்லாண்டா சந்தை விலை கொடுத்தது. டெட்ராய்ட்டும் அந்த விலையைக் கொடுத்தால்தான் அவை அதற்குக் கிடைத்திருக்கும். அந்த விலைக்கு வேறு பிட்சரையும் வாங்கியிருக்கலாம். பரிமாற்றத்தில் கைமாறியது ஸ்மோல்ட்ஸின் வாழ்நாள் அல்ல, அந்த ஆறு ஆண்டு உரிமைதான். 213-ஐ எழுதிக் கழிப்பவர்கள் டெட்ராய்ட்டிடம் ஒருபோதும் இல்லாத சொத்தை அது விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளில் டெட்ராய்ட்டின் நிலை என்ன? 1989-இல் 103 தோல்விகள். அந்த ஆண்டு ஸ்மோல்ட்ஸ் 12-11, 2.94 என்று நன்றாகவே எறிந்தார். 59 ஆட்டங்களை வென்ற அணியில் அவர் இருந்திருந்தால் 65-ஐத் தொட்டிருக்கலாம். அதற்குப் பட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை. 1991-இல் 84 வெற்றி, டொராண்டோவுக்கு ஏழு ஆட்டம் பின்னால். 1993-இல் 85 வெற்றி, பத்து ஆட்டம் பின்னால். 1990, 1992, 1994 ஆகியவை பேசத் தகுந்தவை அல்ல. 1994-இல் தொடங்கித் தொடர்ந்து 12 சீசன்கள் தோல்வி பாதிக்கு மேல். அந்த அணி மீண்டும் அக்டோபரைப் பார்த்தது 2006-இல். ஸ்மோல்ட்ஸை வைத்திருந்தால் அந்த இருட்டு நீங்கியிருக்கும் என்பது ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளும் கதை. வெற்றி என்பது எல்லா ஆண்டும் ஒரே விலைக்கு விற்கும் சரக்கு அல்ல. 97-ஆவது, 98-ஆவது வெற்றிகளுக்கு 1987 டெட்ராய்ட்டில் இருந்த மதிப்பு, 1989-இன் 60-ஆவது, 61-ஆவது வெற்றிகளுக்கு ஒருநாளும் வராது.

உண்மையில் டெட்ராய்ட்டைச் சரித்தது எது என்று தேடினால், பரிமாற்றப் பட்டியல்களில் இடமே பெறாத பெயர்கள் வருகின்றன. 1984 அணியின் கேட்சர் லான்ஸ் பாரிஷ் 1986 சீசனுக்குப் பிறகு ஃபிலடெல்பியாவுக்குப் போனார். கிப்சன் 1988 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் அதே ஆண்டு நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் உலகத் தொடரையும் வென்றார். மோரிஸ் 1990-க்குப் பிறகு மினசோட்டாவுக்குப் போனார். மூவரும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெற்று வெளியேறியவர்கள். பரிமாற்றமாக யாரும் டெட்ராய்ட்டுக்கு வரவில்லை. 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அட்லாண்டாவின் பிட்சர் ஸ்மோல்ட்ஸ், மினசோட்டாவின் பிட்சர் மோரிஸ். மோரிஸ் பத்து இன்னிங்ஸும் ஓட்டமே விடாமல் எறிந்து 1-0 என்று வென்றார். டெட்ராய்ட் கைவிட்ட இருவர் எதிரெதிரே நின்ற அந்த இரவைப் பற்றிப் பேசும்போதும் ரசிகர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே சுட்டிக்காட்டி வருந்துகிறார்கள். ஒருவருக்கு ஈடாக ஒரு பிரிவுப் பட்டம் வந்தது. இன்னொருவருக்கு ஈடாகப் பட்டம் எதுவும் வரவில்லை. பழி விழுந்தது முதலாமவர் போன விதத்தின்மேல்.

இதற்குப் பதிலாக வழக்கமாக வரும் வாதம் ஒன்று உண்டு: பட்டம் என்ன பட்டம், டெட்ராய்ட் அடுத்த சுற்றிலேயே தோற்றதே. தோற்றது உண்மை. மினசோட்டா ட்வின்ஸிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. அலெக்சாண்டர் எறிந்த இரண்டு ஆட்டங்களும் 8-5, 9-5 என்று போயின. ஆனால் அந்த மினசோட்டா எப்படிப்பட்ட அணி? மற்ற பிரிவில் 85 வெற்றிகளோடு வந்தது. சீசன் முழுவதும் 786 ஓட்டங்கள் எடுத்து 806 ஓட்டங்கள் விட்டுக்கொடுத்த அணி. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம். அதுதான் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன். ஏழு ஆட்டத் தொடர்களில் அப்படியும் நடக்கும். எந்தப் பொது மேலாளரும் ஓர் அக்டோபர் வாரத்தை விலைக்கு வாங்க முடியாது. அந்த வாரத்துக்குள் நுழையும் சீட்டைத்தான் வாங்க முடியும். அதை லஜோய் வாங்கிக் கொடுத்தார்.

இதே பிழையின் மறுபக்கத்தை 2016-இல் காணலாம். சிகாகோ கப்ஸ் அந்த ஜூலையில் நியூயார்க் யாங்கீஸிடமிருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்க, கிளேபர் டோரஸ் உள்ளிட்ட நான்கு பேரைக் கொடுத்தது. மேஜர் லீகின் குடும்ப வன்முறை விதிகளின் கீழ் அந்த ஆண்டின் தொடக்கத்தில் 30 ஆட்டத் தடை பெற்றவர் சாப்மன். அதனால் அந்தக் கொள்முதலின்மேல் நியாயமான வேறு கேள்விகளும் இருந்தன. கப்ஸ் 108 ஆண்டுக்குப் பிறகு பட்டம் வென்றதும் எல்லாக் கேள்விகளும் அடங்கின. டோரஸ் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பரவாயில்லை, பட்டம் வந்துவிட்டதே என்றார்கள். ஆனால் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் கைவிட்டவரே சாப்மன்தான். ராஜாய் டேவிஸின் ஹோம் ரன் ஆட்டத்தை 6-6 என்று சமமாக்கியது. பிறகு மழை, 17 நிமிட நிறுத்தம், பத்தாவது இன்னிங்ஸில் 8-7. அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் வேறு மாதிரி போயிருந்தால் ஜூலையில் செய்த பரிமாற்றம் திடீரென்று முட்டாள்தனமாகியிருக்குமா? பட்டம் வந்தால் சரி, வராவிட்டால் தவறு என்பவர்கள் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று மாதம் முன்பு எடுத்த முடிவின் தரத்தை மழைக்குப் பிறகு விழுந்த சில அடிகள் தீர்மானிக்கின்றன என்றால், பொது மேலாளரை விவாதிப்பதை விட்டுவிட்டு வானிலையை விவாதிக்கலாம்.

ரசிகர்களின் நினைவு எதைப் பிடித்துக்கொள்கிறது, எதை நழுவவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1987-இன் அதே ஆகஸ்ட் இறுதியில், அதே பட்டத்துக்காக, டொராண்டோவும் இதையேதான் செய்தது. பால்டிமோரிலிருந்து 35 வயது மைக் ஃபிளனகனை வாங்கி இளம் பிட்சர்கள் இருவரைக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் ஹோசே மேசா. 1995-இல் கிளீவ்லண்டுக்காக 46 சேவ்கள் எடுத்து, மொத்தம் 321 சேவ்களோடு ஓய்வுபெற்றவர். ஃபிளனகனும் மோசமில்லை: அக்டோபர் 3 ஆட்டத்தில் மோரிஸுக்கு எதிராக 11 இன்னிங்ஸ் எறிந்தார். ஆனால் டொராண்டோ தோற்றது. பட்டமும் போய், மேசாவும் போன அந்தப் பரிமாற்றத்தை யாரும் மோசமானவற்றின் பட்டியலில் சேர்ப்பதில்லை. காரணம் எளிது: மேசா பால்டிமோரிலும் சோபிக்கவில்லை, அவர்களும் அவரை விட்டுவிட்டார்கள். ஆகவே 'டொராண்டோ இழந்த மேசா' என்று ஒருவர் இல்லை என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஸ்மோல்ட்ஸ் விஷயத்தில் மட்டும் அது புரிவதில்லை.

அலெக்சாண்டர் அட்லாண்டாவுக்குப் போய்ச் சேர்ந்ததே டொராண்டோவால்தான். 1986 ஜூலையில் அவரைக் கொடுத்து டுவேன் வார்டை வாங்கியது அது. 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டும் டொராண்டோ உலகத் தொடரை வென்றதில் வார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1993-இல் மட்டும் 45 சேவ்கள். வாழ்நாள் கணக்குப்படி டொராண்டோவின் மிகச் சிறந்த பரிமாற்றங்களில் ஒன்று. ஆனால் கைமாறிய அலெக்சாண்டர் ஓராண்டு கழித்துத் திரும்பிவந்து 1987 பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆட்டவாழ்க்கைகளைக் கழித்துப் பார்க்கும் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

டெட்ராய்ட்டே இருபது ஆண்டு கழித்து இன்னும் துணிந்து ஒரு காரியம் செய்தது. 2007 டிசம்பரில் பொது மேலாளர் டேவ் டாம்பிரவ்ஸ்கி ஃபுளோரிடா மார்லின்ஸிடமிருந்து மிகேல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் வாங்கினார். கொடுத்தது ஆறு பேரை. அவர்களில் கேமரன் மேபினும் ஆண்ட்ரூ மில்லரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். அன்றைய மதிப்பில் 1987-இன் ஸ்மோல்ட்ஸ் அவர்கள் அருகில்கூட நிற்க முடியாது. எதிர்காலத்தை விற்றுவிட்டார் என்ற குரல் அப்போதும் கேட்டது. மேபின் அணி அணியாக மாறினார். மில்லர் வேறு அணிகளில், பல ஆண்டு கழித்து, மாற்றுப் பிட்சராகத்தான் பேர் வாங்கினார். கப்ரேரா 2012-இல் சராசரி, ஹோம் ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்கள் மூன்றிலும் லீகில் முதலிடம் பெற்று மும்மகுடம் சூடினார், 1967-க்குப் பின் முதல்முறை. அந்த ஆறு பேரின் பெயர்களை இன்று வரிசையாகச் சொல்லக்கூடிய ரசிகர் டெட்ராய்ட்டிலேயே அரிது. கைவிட்ட இளைஞர் பெரிய ஆளானால் ஊரெல்லாம் நினைவு வைக்கிறது. காணாமல் போனால் பரிமாற்றம் நடந்ததே மறந்துவிடுகிறது. இப்படி ஒரு பக்கம் மட்டும் வரவு வைத்த ஏட்டிலிருந்து, இளைஞர்களைக் கொடுப்பது ஆபத்து என்ற விதியைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை.

முடிவெடுத்த நாளின் அறிவை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றால் எல்லாப் பொது மேலாளர்களும் தப்பித்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். தப்பிக்க மாட்டார்கள். 1965 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் ஃபிராங்க் ராபின்சனைப் பால்டிமோருக்குக் கொடுத்து மில்ட் பாப்பஸையும் வேறு இருவரையும் வாங்கியது. ராபின்சனுக்கு வயது 30. முந்தைய சீசனில் 33 ஹோம் ரன்கள், அவர் அடித்து உள்ளே வந்த ஓட்டங்கள் 113. சரிவின் அடையாளமே இல்லாத ஒருவரை, வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். 1966-இல் அவர் மும்மகுடம் வென்றது அந்த முடிவைத் தவறாக்கவில்லை. 1965-இன் எண்களிலேயே அது தவறு. அதே ராபின்சனைப் பால்டிமோர் 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பியபோது ஈடாக வந்த நால்வரில் ஒருவர், 21 வயது டாயில் அலெக்சாண்டர்.

1990 ஆகஸ்ட் இறுதியில் பாஸ்டன் செய்தது இன்னும் நெருங்கிய ஒப்பீடு. அதன் பொது மேலாளர் லூ கோர்மன் ஹியூஸ்டனிலிருந்து லாரி ஆண்டர்சன் என்ற மாற்றுப் பிட்சரை வாங்கி, ஜெஃப் பேக்வெல்லைக் கொடுத்தார். ரசிகர்கள் இதையும் அலெக்சாண்டர் பரிமாற்றத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் பிரிவுப் பட்டத்தில் முடிந்தவை, இரண்டிலும் போனவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஒற்றுமை அதோடு சரி. பேக்வெல் அந்த ஆண்டு இரண்டாம் படி மைனர் லீகில் .333 அடித்து அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையே பெற்றவர். 4-10 என்று தடுமாறியவர் அல்ல. ஆண்டர்சன் பாஸ்டனுக்காக எறிந்தது வெறும் 22 இன்னிங்ஸ். சீசன் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். அலெக்சாண்டர் எறிந்தது 88 இன்னிங்ஸ். மேலும் இரண்டு சீசன்கள் அணியில் இருந்தார், 1988-இல் ஆல் ஸ்டார் அணியிலும் இடம்பெற்றார். பேக்வெல் அப்போது ஆடிய மூன்றாம் பேஸில் பாஸ்டனுக்கு ஏற்கனவே வேட் பாக்ஸ் இருந்தார் என்பது கோர்மனுக்கு ஓரளவு சாதகம். ஆனாலும் அன்றைய விலைக்கே அந்தச் சரக்கு அதிகம். அதைச் சொல்ல, பேக்வெல் 1994-இல் பெற்ற நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது தேவையில்லை.

எதிர்த்தரப்பின் கடைசி வாதமே வலுவானது. அட்லாண்டா எப்படி ஸ்மோல்ட்ஸைக் கேட்டது? 4-10 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த கையை அவர்களுடைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டாவுக்குத் தெரிந்தது டெட்ராய்ட்டுக்கு ஏன் தெரியவில்லை? தன் வீட்டில் இருப்பதன் மதிப்பை அறியாதவர் பொது மேலாளரா? இந்த வாதம் ஒன்றை மௌனமாக எடுத்துக்கொள்கிறது: ஒரு வீரருக்கு ஒரே மதிப்பு, அதை ஒருவர் அறிந்தார், மற்றவர் அறியவில்லை என்று. டெட்ராய்ட் ஸ்மோல்ட்ஸை அறியாமல் கொடுத்தது என்பதற்கு அந்த முடிவே சான்றல்ல, அறிந்தே கொடுத்திருக்கலாம். நான்கைந்து ஆண்டு கழித்து ஒருவேளை பெரிய பிட்சராகக்கூடிய பையன், வயதேறிய வீரர்கள் நிறைந்த, வெல்ல இதுவே கடைசி வாய்ப்பாகத் தெரிந்த அணிக்கு ஒரு விலை. கட்டியெழுப்பிக்கொண்டிருந்த அணிக்கு வேறு விலை.

அட்லாண்டாவின் பொது மேலாளர் பாபி காக்ஸ் கையில் அன்று இருந்தது 69 வெற்றிகளோடு அந்த ஆண்டை முடிக்கப்போகிற அணி. அலெக்சாண்டர் அங்கே 5 வெற்றி, 10 தோல்வி என்று எறிந்துகொண்டிருந்தார். அவர் அட்லாண்டாவில் தங்கி, டெட்ராய்ட்டில் எறிந்தது போலவே எறிந்திருந்தாலும் பிரேவ்ஸுக்கு அந்த ஆண்டு எதுவும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டு அந்த அணி 106 ஆட்டங்களில் தோற்றது. காத்திருப்பதைத் தவிர காக்ஸுக்கு வேறு வேலையும் இல்லை. ஸ்மோல்ட்ஸ் நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டாலும் அட்லாண்டாவுக்கு நஷ்டமில்லை. டெட்ராய்ட்டுக்கு இருந்த நேரம் 1987 அக்டோபர் 4 வரை.